ஸ்டாண்டு நின்ன உயரம்

அந்த கேமரா ஸ்டாண்ட நான் மடக்கித்தான் கட்டுனேன், கேட்டியா? மதுரை ஏர்போர்ட்டுல கையில கொண்டுபோக விடாம பெட்டிகளோட போட்டுட்டாக. போடி ஏலக்கா வியாபாரி ஏசுதாசன் அண்ணாச்சிதான், தன் மக கல்யாணத்தப் படம் எடுக்க என்னைய பிளேன்ல கூட்டியாந்தாக. மெட்ராசுல எறங்கிப் பார்த்தா, ஸ்டாண்டு மூணு காலையும் விரிச்சுத் தாழ்வா நிக்குது. ஏத்தி எறக்குற திருகு அசையவே இல்ல.

நம்மூர்ல செத்தவுகள நாற்காலியில ஒக்காரவச்சுக் கடைசிப் படம் எடுப்போம்ல? தல தொங்கிரும், மொகம் தெரியணும்னு ஸ்டாண்ட எறக்கி வைப்போம். அதே உயரம்.

இப்ப கல்யாண வீட்டுல அண்ணாச்சி அதுக்கு எதுத்தாப்புல ஒக்காந்து, குனிஞ்சு சட்டையில பூ குத்திக்கிட்டே, "ஏலே, பொண்ணு வர்றதுக்குள்ள என்னைய ஒண்ணு எடு"ங்கிறாக. கேமராவ மாட்டிப் பார்த்தா மொகம் கச்சிதமாத் தெரியுது.

எடுக்கவா, வேணாமா? நீ என்ன நெனைக்கிற?