கோல் போடும்வரை செவ்வாய்க்கிழமை

எங்கள் பேட்டைக் கால்பந்து அணி நாற்பது கோடிக்கு வாங்கிய ரொசாரியோ இரண்டு வருடமாக ஒரு கோல்கூடப் போடவில்லை. சட்டப்படி, கோல் போடும்வரை அவன் எங்களைப் போல ஆட்டம் பார்க்க சீசன் டிக்கெட் எடுத்தவர்கள் வீடுகளில் வேலை செய்ய வேண்டும். எங்கள் முறை செவ்வாய்க்கிழமை. லிஃப்ட் இல்லாத நாலாம் மாடிக்குத் தண்ணீர் கேனெல்லாம் அவன்தான் சுமப்பான். என் மனைவி மரகதத்துக்கு முட்டிவலி.

திங்கட்கிழமை ஆட்டத்தில் கோல்கீப்பர் வழுக்கி விழ, ரொசாரியோ காலிக் கோலுக்கு முன் பந்தோடு நின்றான்.

"அடிச்சிடாதடா! நாளைக்கு சிலிண்டர் வருது!" என்று கத்தினேன்.

பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. அரங்கமே எழுந்து கைதட்டியது.

மறுநாள் சிலிண்டரை இறக்கி வைத்தவனுக்கு மரகதம் டீயும் வடையும் கொடுத்தாள். "எங்களுக்காகவே மேல அடிச்சியாமே, ராசா!"

ரொசாரியோ டீயையே பார்த்தான். "கோலுக்குத்தாம்மா அடிச்சேன்."

மரகதம் இன்னொரு வடை வைத்தாள்.