முதல் மார்க் மைனா அழுத கதை

பறவைகள் படிக்கவென்று ஒரு நர்சிங் பள்ளி இருந்ததாம். எல்லாப் பாடத்திலும் முதல் மார்க் வாங்கி அங்கே சேர்ந்தது மைனா. தட்டுத்தடுமாறிப் பாஸாகி, கடவுள் புண்ணியத்தில் இடம் கிடைத்துச் சேர்ந்தது வாத்து.

வார்டில் நோயாளியை நன்றாகக் கவனித்துக்கொள்பவருக்கே முதல் வெள்ளைத் தொப்பி என்று தலைமை நர்ஸ் கொக்கம்மா சொன்னபோது, அது தனக்குத்தான் என்று மைனா நிம்மதியாக இருந்தது.

அன்று காய்ச்சலோடு ஓர் ஆட்டுக்குட்டி வந்து படுத்தது. மருந்தின் பெயர், அளவு, குணம் எல்லாவற்றையும் மைனா கடகடவென்று ஒப்பித்தது. குட்டி வாயையே திறக்கவில்லை. வாத்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் குட்டி மருந்தை மடக்கென்று குடித்துவிட்டது. தொப்பி வாத்தின் தலையில் ஏறியது.

மைனாவுக்கு வயிறு எரிந்தது. "அப்படி என்னடி மாயம் பண்ணினே?" என்று கேட்டது.

"மாயமா? அது அழுதுச்சுக்கா. பார்த்ததும் எனக்கும் அழுகை வந்துடுச்சு. அப்புறம் அதுவே குடிச்சிடுச்சு."

இவ்வளவுதானா! மறுநாள் விடிந்ததும் மைனா குட்டியிடம் போய், தேம்பித் தேம்பி அழுது காட்டியது. வாத்தைவிடச் சத்தமாகவே அழுதது.

குட்டி பதறி எழுந்து மைனாவின் இறக்கையைத் தடவிக்கொடுத்தது. "ஏன்க்கா அழறீங்க? உங்களுக்கு எங்கே வலிக்குது?"

எந்தக் கேள்விக்கும் சட்டென்று பதில் சொல்கிற மைனா, வார்டின் அந்தக் கோடியில் தொப்பியோடு நின்ற வாத்தைப் பார்த்தது. பிறகு நிஜமாகவே அழ ஆரம்பித்தது.