கூரையில் ஒரு கலண்டர்

ஏணியின் ஒன்பதாவது படியில் மஹ்ரூபின் முழங்கால் முரண்டு பிடித்தது.

விழுந்தால் விழட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தார். அறுபத்திரண்டு வயது. ஒரு கையில் சுத்தியல், வாயில் ஆணிகள், கக்கத்தில் தகரப் பிறை.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பக்கத்து வீட்டு யோகலிங்கம். வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறவர். ஏணியும் அவருடையதுதான்.

லண்டனில், செவன் கிங்ஸில், அவர் ஏறிய கட்டடமும் எல்லா வீட்டையும் போல ஒரு வீடு. கீழே தொழுகை, மேலே பிள்ளைகள் ஓதுகிற அறை. முகப்பில் நின்ற பிறைதான் அதைப் பள்ளிவாசல் என்று காட்டிக் கொடுத்தது.

வளைகுடாவில் குண்டு விழத் தொடங்கிய கிழமை, யாரோ அதை அடித்து விழுத்தினார்கள். கல்லில் சுற்றிய ஒரு தாளும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. திரும்ப ஏற்றினால் அடுத்தது நெருப்பு என்று எழுதியிருந்தது.

நிர்வாகக் குழு கூடி, இனிப் பிறையே வேண்டாம் என்று முடிவெடுத்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் தலை தப்பும் என்ற நினைப்பு.

அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று மஹ்ரூபுக்குத் தெரியும். நாலு மாதத்துக்கு முன்னால் யாழ்ப்பாணத்தில் அவருடைய தங்கச்சியும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு மணித்தியாலத்தில் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று ஆயுதம் தூக்கிய தமிழ் இயக்கம் சொன்னது. உடுத்த உடுப்போடு போனாள்.

அந்தச் செய்தி வந்த அன்று யோகலிங்கம் மஹ்ரூபின் வாசலில் வந்து நின்றார். அவரும் யாழ்ப்பாணம்தான். தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார். இன்றைக்கு ஏணி கேட்டபோது, எதற்கு என்று அவர் கேட்கவேயில்லை.

எதிர்ச் சுவரில் வெள்ளைக்கார மொட்டைத் தலைப் பையன்கள் மூன்று பேர் பியர் கானோடு இருந்தார்கள். ஒருவன் விசிலடித்தான். நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் மஹ்ரூப் பட்டப்பகலில் ஏறினார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பிறை அங்கே ஏறிய கதையே பெரிய கூத்து. போன வருஷம் அதற்கென்றே மூன்று கூட்டம் நடந்தது. பன்னிரண்டு பேரில் ஒரே ஒரு மனுஷன் மட்டும் மேசையில் குத்திக் குத்திச் சத்தம் போட்டார். நபியின் கொடியில் எந்தப் படமும் இருந்ததில்லை. இது துருக்கிச் சுல்தான்மாரின் கொடியிலிருந்து வந்தது. நமக்குப் பிறை என்பது நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் நாள் காட்டுவது, அவ்வளவுதான். கலண்டரைக் கொண்டுபோய்க் கூரையில் மாட்டுவானா ஒருத்தன்?

பதினொன்றுக்கு ஒன்று என்று தோற்றுப்போய், அந்த மனுஷன் செருப்பைக்கூடப் போட மறந்து வெளியே நடந்தார்.

மஹ்ரூப் உச்சியை எட்டினார். பிறையின் ஒரு முனை இன்னும் நெளிந்துதான் கிடந்தது. இரண்டு நாள் தட்டியும் நிமிரவில்லை. பரவாயில்லை என்று முதல் ஆணியை இறக்கினார்.

தெருமுனையிலிருந்து பள்ளிவாசல் செயலாளர் ஜெமீல் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"மஹ்ரூப் நானா! கலண்டரைக் கூரையில மாட்டுவானோ எண்டு மேசையில குத்தின ஆள் நீங்கள்தானே? இப்ப என்ன விசரே உங்களுக்கு? இறங்குங்கோ!"

மஹ்ரூப் வாயிலிருந்த ஆணிகளைக் கையில் எடுத்தார்.

"ஓமடா, நான்தான். அவங்கள் உடைக்கிற வரைக்கும் இது தேவையில்லாமத்தான் இருந்தது."

ஏணியை இறுக்கிப் பிடிக்கும்படி யோகலிங்கத்துக்குத் தலையசைத்துவிட்டு, இரண்டாவது ஆணியை அடித்தார்.