மூமுலின்

ப்லோவ்திவ் நகரத்துப் புத்தகக்கடை வாசலில், புதிய திகில் நாவலில் எழுத்தாளரின் கையெழுத்து வாங்க வந்த கூட்டம் தெருமுனை வரை நின்றது. நாவலில் கட்டிலுக்கடியில் வாழும் பூதத்தின் பெயர் மூமுலின். அதை வாசகர்கள் சட்டையில்கூட அச்சடித்துப் போட்டிருந்தார்கள்.

ரதோஸ்தினா மட்டும் கையெழுத்துக்காக வரவில்லை. மூமுலின் என்பது சின்ன வயதில் அவளும் தங்கை யோவானாவும் போர்வைக்குள் உருவாக்கிய பெயர். யாரிடமும் சொல்வதில்லை என்று இருவரும் சத்தியம் செய்திருந்தார்கள். யோவானா ஏழு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள்.

"சீக்கிரம்க்கா, மூமுலினுக்குப் பசிக்குது!" என்று பின்னால் நின்றவன் கிண்டலடித்தான்.

ரதோஸ்தினா எழுத்தாளர் கையெழுத்துப் போடும் மேசையருகே போனாள். "இந்தப் பேரை உங்களுக்கு யாரு சொன்னா?"

எழுத்தாளர் வெலிஸ்லாவா சிரித்தார். "எம் பொண்ணுதாம்மா. மொத்தக் கதையுமே அவ சொன்னதுதான்."

அவர் நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். யோவானாவுக்கு இருந்த அதே உடைந்த முன்பல். சவப்பெட்டியில் கிடத்தியபோது அம்மா போட்டுவிட்ட அதே சிவப்புக் கம்பளிச் சட்டை.

"யோவானா... நான்தான்டி, அக்கா."

சிறுமி அவளை நிதானமாகப் பார்த்தாள். பிறகு எழுத்தாளரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு அக்காவே கிடையாதே. அடுத்த ஆளைக் கூப்பிடும்மா."