கோணல் இதழ்

“பையில வர்ற ஏழு பூவும் அச்சுல வார்த்த மாதிரி வேண்டாம். நடுப்பூவுல ஒரே ஒரு இதழ் கோணலா இருக்கணும்” என்றாள் பல் டாக்டரம்மா, கடை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே.

நூல்கடைக்காரி குரோஷா பின்னல் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு தலையாட்டினாள். எதற்கு, ஏன் என்று ஒரு கேள்வி இல்லை.

“வேற யாருக்கும் இப்படிப் போட்டுத் தரக் கூடாது. வெளியில தெரிஞ்சா என் மானம் போயிடும்.”

கடைக்காரி மேசைமேல் இருந்த சிவப்பு நூல்கண்டில் கையை வைத்தாள். “தொழில்மேல சத்தியம். உங்களுக்கு மட்டும்தான்.”

எல்லாம் நாத்தனாரால் வந்த வினை. அவள் வீட்டில் எதைத் தொட்டாலும் நூல் பூதான். தலையணை உறையில் பூ, கைப்பையில் பூ, டி.வி. ரிமோட்டுக்குக்கூடப் பூப்போட்ட சட்டை.

வருகிறவர்களிடம் எல்லாம் ஒரு வளைந்த இதழை விரலால் நிமிண்டிக் காட்டுவாள். “மெஷினுக்கு இந்தக் கோணல் வராது. நான் என் கையால போட்டதுக்கு இதுதான் அத்தாட்சி” என்பாள். அப்புறம் தம்பி மனைவி பக்கம் திரும்பி, “உனக்குப் பல்லைப் பிடுங்கத்தான் தெரியும்” என்று முடிப்பாள்.

ஆறு வருடமாக இதைக் கேட்டு டாக்டரம்மாவுக்குக் காது புளித்துவிட்டது. நாத்தனார் புது வீட்டுக்குக் குடிபோகிற அன்றாவது அந்த வாயை அடைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த நாளும் வந்தது. கூடம் நிறைய உறவுக்காரர்கள். பரிசுப் பொட்டலத்தைப் பிரித்ததும் கணவனின் சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பையிலிருந்த பூக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

“அட, கோணல் இதழ்கூட இருக்கே. நீயா போட்ட?”

“ஆமா சித்தி. மூணு வாரம். விரலெல்லாம் காய்ச்சுப் போச்சு.”

நாத்தனார் பையைப் பிடுங்கி உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. “இது... நீயேதான் போட்டதா?”

“நானேதான் அண்ணி.” சொல்லும்போதே டாக்டரம்மாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

சித்தி விடுவாளா? சோபாவில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். “அப்ப ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு பேரும் எங்க முன்னாடி ஆளுக்கு ஒரு பூ போடுங்க. யாரு கை வேகம்னு பார்த்துடுவோம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட டாக்டரம்மாவுக்குத் தெரியாது.

“நூல் உள்ள இருக்கு சித்தி, எடுத்துட்டு வந்துடறோம்” என்ற நாத்தனார், தம்பி மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று படுக்கையறைக்கு இழுத்துப்போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.

தொலைந்தோம் என்று டாக்டரம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நாத்தனாரின் குரல் காதருகில் கிசுகிசுத்தது.

“அந்தக் கடைக்காரி என்கிட்டயும் நூல்கண்டு மேலதான்டி சத்தியம் பண்ணினா.”