சிவப்புப் பொத்தான்

“ஒரே அமுக்கு, கத முடிஞ்சிரும். இன்னா பாத்துக்கினு இருக்க?”

பெரியப்பா இருசப்பன் பல்லைக் கடித்தார். கவியாவின் விரலுக்கடியில் மவுஸ் வியர்வையில் வழுக்கியது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டர் அது. நர்சிங் காலேஜில் கிடைத்த இடத்தை அவள் கையாலேயே வேண்டாமென்று சொல்லவைக்க, மலையிலிருந்து கூட்டி வந்திருந்தார் பெரியப்பா. இடம் இருக்கிறவரை இவளுக்கு ஆசை விடாதாம். தை பிறந்தால் கல்யாணமாம்.

அண்ணனிடம் மறுபேச்சுப் பேசியறியாத அப்பா வெள்ளையன், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். நேற்றுத்தான் எதற்கோ தனியாக டவுனுக்கு வந்து திரும்பியிருந்தார்.

திரையில் கேள்வி வந்தது: ‘சேர்க்கையை ரத்து செய்யவா?’ கீழே இரண்டு பொத்தான்கள். பச்சையில் ‘சரி’, சிவப்பில் ‘ரத்து’.

இந்தப் பக்கத்தை வடிவமைத்த புண்ணியவான் எவனோ! ‘ஆமாம்’, ‘வேண்டாம்’ என்று போட்டிருந்தால் குடி முழுகிப் போயிருக்குமா? எதை அழுத்தினால் எது நடக்கும் என்பது அவனுக்கே வெளிச்சம்.

கவியாவுக்கு ஒருவழியாகப் புரிந்தது. ‘சரி’ என்றால் இடம் போச்சு. ‘ரத்து’ என்றால், ரத்து செய்வதையே விட்டுவிடு என்று அர்த்தம், இடம் தங்கிவிடும். ஏமாற்றிவிடலாமா என்று நினைத்த நொடியில் பெரியப்பாவின் மூச்சு பிடரியில் பட்டது. பயத்தில் மவுஸைப் பச்சைப் பக்கம் நகர்த்தினாள்.

“அது இல்ல” என்றார் அப்பா. பஸ் போர்டையே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், விரலை நேராகச் சிவப்பில் கொண்டுபோய் வைத்தார். “ரத்துன்னு போட்டுக்கீதே, அத அமுக்கு.”

“நல்லா சொல்லுடா தம்பி! படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியல” என்று இளித்தார் பெரியப்பா.

அழுத்தினாள். கேள்வி மறைந்து பழைய பக்கமே வந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘சேர்க்கை உறுதி’ என்று அப்படியே இருந்தது. தோளைச் சாய்த்து அதை மறைத்தாள்.

சென்டர்காரி கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். “ஐயா, அது வந்து...”

“அதான் முடிஞ்சிச்சே, வுடும்மா” என்று அப்பா மகளைக் கிளப்பினார்.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி சொல்லப் பெரியப்பா வெள்ளிமலை பஸ்ஸில் முந்திக்கொண்டு ஏறினார். “சாமான் வாங்கிக்கினு வரோம்ணா” என்று அப்பா நின்றுவிட்டார்.

நாளைக்குக் காலேஜிலிருந்து அப்பாவின் நம்பருக்குத்தான் போன் வரும். விஷயம் தெரிந்தால் பெரியப்பா முதலில் அப்பா மேல்தான் கை வைப்பார். இதை மறைக்கக் கவியாவுக்குத் தைரியம் இல்லை.

“அப்பா, அது ரத்தாவல. நீ தப்பான பொத்தான காட்டிட்ட. பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுருவாருப்பா!”

பஸ் திரும்பி மறையும்வரை வெள்ளையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்.

“நேத்தே வேற சென்டர்ல கேட்டுக்கினு போனேன். தெரிஞ்சிதாம்மா காட்டுனேன்.”