இடப்பக்கம் சுற்றும் வளையம்

“செரீனா, உன் கேமராவைக் கொடு. என்னோடதை நீ வெச்சிக்க.”

மணவறையில் தாலித் தட்டு பெரியவர்களின் ஆசிக்குச் சுற்றி வந்துகொண்டிருந்தது. செரீனா கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். “இப்பவாண்ணே? என்னோடது வந்து...”

“கொடு லா. நீ அந்தத் தூண் பக்கம் போயிரு.”

முகுந்தன் வாங்கிக்கொண்டான்.

கிள்ளானில் அவனுடைய ஸ்டூடியோ பலகையில் ஒரு வரி உண்டு: ‘ஒரிஜினல் கம்பெனி லென்ஸ் மட்டுமே.’ அவனுடைய ஒரிஜினல் ஜூம் லென்ஸ் மூன்று மாதங்களுக்கு முன் பூஞ்சை பிடித்துப் போனது. இப்போது அவன் வைத்திருப்பது தர்ட் பார்ட்டி, வேறு கம்பெனி செய்த மலிவு லென்ஸ். பெயர் இருந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி, முன்னால் ஒரிஜினல் கம்பெனி மூடியைப் போட்டிருந்தான். மூடி தனியாகக் கிடைக்கும். பலகையை மட்டும் மாற்றவில்லை.

போன மாதம் சுங்கை வேயிலிருந்து செரீனா வேலை கேட்டு வந்தபோதும் அவன் கேட்டது ஒன்றுதான். “லென்ஸ் ஒரிஜினலா?” அவள் ஆமென்று தலையாட்டினாள். மூடியிலும் கம்பெனிப் பெயர் இருந்தது. சேர்த்துக்கொண்டான்.

இன்று ஒரு படம் தவறக்கூடாது. மணப்பெண்ணின் அண்ணன் குகன் காலையிலேயே வந்து சொல்லிவிட்டான்.

“அம்மா பந்திங் ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க, boss. நிச்சயத்தப்ப போன்ல லைவ் போட்டோம், எல்லார் முதுகும்தான் தெரிஞ்சிச்சி. தாலி முடிச்சு மட்டும் கிட்டத்துல, தெளிவா வேணும். உடனே அனுப்பணும்.”

ஒரிஜினலில்தான் அவ்வளவு தெளிவு கிடைக்கும் என்று நம்பினான். அதனால்தான் இந்த மாற்றல். ஒரிஜினலில் வளையத்தை வலப்பக்கம் திருப்பினால் ஆள் கிட்டே வருவார். தர்ட் பார்ட்டியில் இடப்பக்கம். அது கைக்குப் பழக முகுந்தனுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

செரீனாவிடம் அவன் அதைச் சொல்லவில்லை. சொன்னால் டேப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் தடுமாறினால் தடுமாறட்டும், வேண்டிய படத்தை நான் எடுத்துவிடுவேன் என்று நினைத்தான்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

செரீனாவின் லென்ஸ் கையில் கனமாக உட்கார்ந்தது. ஒரிஜினல் ஒரிஜினல்தான். விரல்கள் பழக்கத்தில் இடப்பக்கம் போகப் பார்த்தன. அடக்கினான். வலம், வலம் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே திருப்பினான்.

பெண்ணின் கழுத்து விலகி ஓடியது. வாழைமரம், ஒலிபெருக்கி, அட்சதை எறியும் கைகள் எல்லாம் உள்ளே வந்தன. கை பழைய பக்கமே போய்விட்டதா? மறுபடி திருப்பினான். வளையம் முட்டி நின்றது. அதன் பிறகு எந்தப் பக்கம் திருப்பினான் என்று அவனுக்கே தெரியவில்லை. கழுத்து கிட்டே வந்தபோது மாப்பிள்ளை குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்.

குகன் போனை நீட்டியபடி ஓடிவந்தான். முகுந்தன் படங்களைத் தள்ளிக்கொண்டே போனான். ஒன்றில்கூட முடிச்சு இல்லை.

“எங்க boss?”

முகுந்தன் மறுபடி முதல் படத்திலிருந்து தள்ளினான்.

“இதுல இருக்குண்ணே.” தூண் பக்கமிருந்து வந்த செரீனா கேமராவை நீட்டினாள்.

திரை முழுவதும் மஞ்சள் கயிறு. அதை இறுக்கும் இரண்டு விரல்கள். முடிச்சின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது.

குகன் அதைப் போனுக்கு வாங்கி அனுப்பினான். சிறிது நேரத்தில் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“பார்த்தீங்களா? ஒரிஜினல் லென்ஸ்னா ஒரிஜினல்தான் லா! அதுக்குத்தானே பந்திங்லேர்ந்து உங்களைத் தேடி வந்தோம்.” கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னான்.

முகுந்தன் தன் கேமராவைத் திரும்ப வாங்கி, கறுப்பு டேப்பின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டான்.

பந்தியில் பாதிச் சோற்றிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தான். செருப்பு விடும் இடத்தில் செரீனா குனிந்து வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவனுக்கு வசதியாக இருந்தது.

“நான் உன்கிட்ட கொடுத்தது தர்ட் பார்ட்டி. ஒரிஜினலுக்கு எதிர்ப்பக்கம் சுத்தும். தெரிஞ்சேதான் சொல்லாம கொடுத்தேன். நீ தடுமாறினா தடுமாறட்டும்னு நினைச்சேன்.”

அவள் கைகள் வாரில் நின்றன.

“ஒரிஜினல் கையில இருந்தும் என்னால எடுக்க முடியல. பழக்கமே இல்லாத வளையத்துல நீ எப்படிம்மா எடுத்த?”

வார் மாட்டி முடிந்திருந்தது. செரீனா நிமிரவில்லை.

“எனக்கும் இடப்பக்கம்தான் பழக்கம். என்னோடதும் ஒரிஜினல் இல்லண்ணே.”